உபயம்: தனபாலன்

சென்ற வாரம் தனபாலனுக்குப் பரிந்து கடிதம் எழுதிய வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. "பாவம், வெயிலில் லோரி ஓட்டுகிற மனுஷன், கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, அதே கையால் மறுபடி எழுதுங்கள், பார்க்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோல சிலாங்கூர் பக்கம் சுங்கை மெலாத்தி தோட்டத்தில் தனபாலன், குமுதா, மகள் அன்பரசி என்று ஒரு குடும்பம். தனபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். கோயிலை நடத்தும் செயலவையில் இருக்கிறான். குமுதா பாசிர் பெனம்பாங்கில் ஒரு தவுக்கே முதலாளியின் கொட்டகையில் இறால் உரிக்கிறாள். அன்பரசி பள்ளியில் படிவம் நான்கு.

அன்பரசியின் வணிகப் பாட ஆசிரியை அகதா டீச்சர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாணவர்களை நிஜமாகவே ஒரு சின்னக் கம்பெனி தொடங்கச் சொல்லிவிட்டார். வகுப்பில் ஆளுக்கு ஐந்து வெள்ளி பணம் போட்டுப் பங்கு. அன்பரசிதான் மேனேஜர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் போத்தல் மோர் விற்பது என்று முடிவாயிற்று.

செலவைப் போடும்போது அன்பரசி பால், இஞ்சி, போத்தல், ஐஸ் எல்லாவற்றுக்கும் விலை போட்டாள். கூலி என்ற இடத்தில் மட்டும் 'இல்லை, அம்மா செய்வாங்க' என்று எழுதியிருந்தாள். அகதா டீச்சர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அம்மா முடியாதுன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாங்க டீச்சர்."

"சொன்னா?"

"கடைய மூட வேண்டியதுதான்."

"அவங்க இல்லன்னா கடையே இல்ல. அப்புறம் எப்படி நீ இல்லைன்னு எழுதுவ?"

வகுப்பு சிரித்தது. அன்பரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே கம்பெனி கூடி, குமுதாவைக் கூலிக்கு அமர்த்துவது என்று தீர்மானம் போட்டது. "பெத்தவளுக்குக் கூலியா" என்று குமுதா சிரித்தாள். ஆனால் கூலி இருந்த கவரை வாங்கிக் கைப்பேசி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அதை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள் என்பதையும் போன வாரம் சொன்னேன்.

இனி இந்த வாரம்.

மாரியம்மன் திருவிழா என்றால் கோயில் வாசலில் தனபாலனின் மோர்ப்பந்தல் உண்டு. அன்பரசி பிறந்தபோது நேர்ந்துகொண்டது. ஒரு வருஷமும் விட்டதில்லை. கை கூப்பிய படத்தோடு பேனர் தொங்கும். 'மோர் உபயம்: திரு. தனபாலன்.' கூடாரத்துக்கு ஆள் பிடிப்பது அவன். ஐஸ் சொல்வது அவன். அண்டா பக்கத்தில் நின்று "வாங்க வாங்க, குடிங்க" என்பதும் அவன். மோர் எங்கிருந்து வருகிறது? அது வரும். வருஷா வருஷம் வந்துகொண்டுதானே இருக்கிறது.

இந்த முறையும் அவன் கூடாரக்காரரைக் கேட்டான். ஐஸ் லோரிக்காரரைக் கேட்டான். பேனர் அடிக்கிற பையனிடம், "தம்பி, போட்டோவைக் கொஞ்சம் பெரிசா போட முடியுமா" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டான் தெரியுமா. குமுதாவிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றாள் குமுதா மகளிடம். "அதுக்கும் சேர்த்து செஞ்சி குடுக்கிறேன். கேக்கட்டும் முதல்ல."

சனிக்கிழமை அவன் அடுப்படியை எட்டிப் பார்த்தான். பெரிய சட்டிகளில் மோர் இருந்தது. சரி, நடக்கிறது என்று போய்ப் படுத்துவிட்டான். அது கம்பெனியின் மோர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்குட ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பியது. மஞ்சள் சேலை கட்டி, தலையில் குடத்தோடு குமுதாவும் அதில் வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்கு எதிரே அன்பரசியும் அவள் தோழி நித்தியாவும் மேசை போட்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் ஐஸ் பெட்டிகள், மேலே துணி. இன்னும் விற்பனை தொடங்கவில்லை.

"ஃப்ரீயா குடுக்கிற எடத்துல யார் காசு குடுத்து வாங்குவா?" என்று வகுப்பில் முதலில் கேட்டவளே நித்தியாதான். அதற்கு அன்பரசி பதில் வைத்திருந்தாள். அப்பாவின் பந்தல் மத்தியானத்தோடு முடிந்துவிடும். சாயங்காலம் தீமிதி பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அந்த நேரத்துக்குத்தான் இந்த மோர். அகதா டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

ஊர்வலம் கோயிலை நெருங்கியது. வெறுங்காலில் நடந்து வந்தவர்கள் பந்தல் பக்கம் ஒதுங்கினார்கள். தனபாலன் வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு, அண்டாவின் மூடியைத் திறந்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தான். அதுவும் காலி.

"என்ன தனபாலு, மோர் இன்னும் வரலியா?" என்றார் கோயில் தலைவர் ரெங்கசாமி. "சனங்க நிக்கிறாங்கலா."

தனபாலன் எதிரே பார்த்தான். மகளின் மேசையும் பெட்டிகளும் கண்ணில் பட்டன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வேகத்தில் நித்தியா எழுந்து நின்றுவிட்டாள்.

"பந்தலுக்கு வச்ச மோரை இங்க ஏன் வச்சிருக்க?"

"இது பந்தலுக்கு வச்சது இல்லப்பா. எங்க கம்பெனியோடது."

"கம்பெனியா? எந்தக் கம்பெனி? நம்ம வீட்டு அடுப்புல காய்ச்சின பாலு, அதுல என்ன கம்பெனி?"

"பால் நாங்க வாங்கினது. அம்மாவுக்குக் கூலி குடுத்திருக்கோம். வகுப்புல எல்லாரும் பங்கு போட்டிருக்காங்க."

"கூலி" என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "உங்கம்மாவுக்கு நீ கூலி குடுத்தியா? சாமி வாசல்ல உக்காந்து மோர் விக்கிற குடும்பமாடி நாம?"

"கச்சாங் பூத்தே கடலை விக்கிற காளியம்மா அக்கா அதோ உக்காந்திருக்காங்க. அவங்களும் சாமி வாசல்லதான் இருக்காங்க. அவங்களக் கேளுங்க போயி."

"வாய மூடு."

"வேணும்னா வாங்கிக்குங்கப்பா. விலை போட்டுத் தர்றேன்."

அன்பரசி இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு வழி சொன்னாள். சரக்கு வேண்டும் என்றால் வாங்கலாம், அதுதான் அவள் படித்த பாடம். ஆனால் சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தனபாலனுக்கு அது போதும்.

"பெத்த அப்பன்கிட்ட விலை பேசுறியா நீ?"

குனிந்து ஒரு பெட்டியை இழுத்தான். அன்பரசி மறுபக்கம் பிடித்தாள். "அப்பா, விடுங்க. இது என்னோடது மட்டும் இல்ல." அவன் ஒரே உதறு உதறினான். பெட்டி அவன் கையோடு போயிற்று. செயலவை ஆட்கள் இருவர் வந்து மற்ற பெட்டிகளைத் தூக்கினார்கள். ரெங்கசாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் இறக்கி வைத்திருப்பார்கள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "குடும்ப விஷயம், நமக்கு ஏன்" என்றார். ஊரில் எந்த வீட்டுத் தகராறுக்கும் மைக் பிடித்துக்கொண்டு வருகிற மனிதருக்கு அன்றைக்கு மட்டும் இப்படி ஒரு ஞானம்.

தனபாலன் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திருகி அண்டாவில் கொட்டினான். போத்தல் ஒவ்வொன்றிலும் மாணவர்கள் ஒட்டிய பச்சை லேபிள் இருந்தது. 'குமுதா மோர்.' காலிப் போத்தல்கள் செம்மண்ணில் உருண்டு, வரிசையில் நின்றவர்களின் காலில் இடறின. மேலே பேனரில் அவன் கை கூப்பிக்கொண்டிருந்தான்.

"வாங்க வாங்க, குடிங்க" என்றான்.

நித்தியா அழுதாள். அன்பரசி அழவில்லை. இவ்வளவு கோபம் தன் உடம்புக்குள் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

தஞ்சோங் காராங்கில் ஐஸ் வாங்கப் போயிருந்த அகதா டீச்சர் அப்போதுதான் காரை நிறுத்தி இறங்கினார். ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. நேரே பந்தலுக்குப் போனார்.

"அண்ணே, அது என் மாணவர்களோட சரக்கு."

"டீச்சர், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இங்க நாங்க விக்கிறதில்ல, குடுப்போம்."

"எங்க அப்பாவும் இதே மாதிரி தோட்டத்துல ரப்பர் பால் வெட்டினவருதான். எங்க சர்ச் திருநாள்லயும் சாப்பாடு போடுறோம். குடுக்கிறது நல்ல விஷயம்தான். உங்களோடதைக் குடுங்க."

"இது என்னோடதுதான். என் பொண்டாட்டி செஞ்சது."

"அப்ப அவங்களோடதுலா."

தனபாலன் குவளையை அண்டாவுக்குள் எறிந்தான். "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுங்கன்னா, அப்பன்கிட்ட விலை பேசக் கத்துக் குடுத்திருக்கீங்க. நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வர்றேன். இவ பேரை அந்தப் பாடத்துலேர்ந்து எடுத்துட்டுத்தான் மறு வேலை."

அதைக் கேட்டபோதுதான் அன்பரசிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. மோர் போனால் வேறு மோர் செய்யலாம். அந்த வகுப்பு போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. மற்றப் பாடங்களில் அவள் பின் வரிசை. அந்த ஒரு வகுப்பில்தான் அவள் பேச எழுந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தில் சேரக் கையெழுத்துப் போட்ட அப்பா நினைத்தால் நாளையே எல்லாம் முடிந்துவிடும்.

பால் அபிஷேகம் முடிந்து குமுதா வெளியே வந்தாள். மஞ்சள் சேலை தோளில் நனைந்திருந்தது. காலில் உருண்டு வந்த போத்தலைக் குனிந்து எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தன் பெயரைப் படித்தாள். அண்டாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் போனாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நம்ம வீட்டு மோரு. யாரைக் கேக்கணும்?"

"நம்ம வீட்டு மோர் இல்ல. நான் செஞ்சி குடுத்துட்டேன். கூலி வாங்கியாச்சி. அது அந்தப் பிள்ளைங்களோடது."

"குமுதா, சனங்க பாக்குறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எடுத்தது இங்கதான. இங்கயே பேசலாம்." அவள் குரல் உயரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் கேட்பதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள். "கூடாரக்காரரைக் கேட்டீங்க. ஐஸ்காரரைக் கேட்டீங்க. அந்த பேனர் பையன்கிட்ட மூணு தடவை போன் போட்டுக் கேட்டீங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன். என்கிட்ட கேட்டீங்களா?"

"பொண்டாட்டிகிட்ட எதுக்குக் கேக்கணும்? வருஷா வருஷம் நீதான செய்ற."

"அதான்."

அவ்வளவுதான் சொன்னாள். வலது கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். இறால் ஓடு கிழித்த விரல்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த விரல்களால்தான் பச்சை மிளகாயும் இஞ்சியும் இடிக்கிறாள். ராத்திரியெல்லாம் எரியும். பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்கு அது ஒரு நாளும் தெரிந்ததில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. "மெய்யன்பர்களே, இன்றைய மோர்ப்பந்தல் உபயம், திரு. தனபாலன் அவர்கள். அவருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் அன்னையின் அருள் கிட்டட்டும்."

கச்சாங் பூத்தே விற்கிற காளியம்மா வரிசையில் நின்றிருந்தாள். வாயருகே கொண்டுபோன குவளையை இறக்கி, நிறைந்தபடியே மேசையில் வைத்துவிட்டுத் தன் கடைக்கு நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொரு பெண்ணும் வைத்தாள். மற்றவர்கள் குடித்தார்கள். வெயில் அப்படி. நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

அகதா டீச்சர் மாணவிகளைக் காலி மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். "கம்பெனிக்கு நஷ்டம் வந்திருக்கு. இது உண்மையான நஷ்டம். இப்ப மூடலாம், இல்ல தொடரலாம். மேனேஜர் சொல்லட்டும்."

"எதை வச்சித் தொடர்றது டீச்சர்? பாலுக்கு எங்க போறது, ஞாயித்துக்கிழமை?" என்றாள் அன்பரசி. "அப்பாவுக்கு எல்லாமே அவரோடது. நான் படிக்கிறதுகூட."

பின்னால் வந்து நின்ற குமுதா, "எந்திரி" என்றாள். "வீட்டுக்குப் போவோம். காலிப் போத்தலையும் பெட்டியையும் எடுத்துக்குங்க, கழுவிக்கலாம். காரை எடுங்க டீச்சர்."

வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரோரம், ஈரச் சாக்கு போர்த்திய இரண்டு பெரிய சட்டிகள் இருந்தன. குமுதா சாக்கை விலக்கினாள். கட்டித் தயிர்.

"இது யாருக்கும்மா?"

"உங்கப்பாவுக்கு. பந்தலுக்கு." சாக்கை மடித்து ஓரமாக வைத்தாள். "கேப்பாருன்னு உறை ஊத்தி வச்சேன். காலையில குடம் எடுக்கப் போறப்பகூட வாசல்ல நின்னேன். எதிர்ல வந்தாரு. 'பேனரைப் பாத்தியா, நல்லா வந்திருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நித்தியா மூக்கை உறிஞ்சினாள்.

ஒரே ஒரு வார்த்தை, வாசகர்களே. "குமுதா, பந்தலுக்கு மோர் செஞ்சி தர்றியா?" இதைக் கேட்டிருந்தால் அண்டா நிறைந்திருக்கும். பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்திருக்கும். அவன் மானமும் மேலே பேனரில் பத்திரமாகத் தொங்கியிருக்கும். இதைக்கூடச் செய்ய முடியாதவனை நான் எப்படிப் பாவம் என்று எழுதுவது?

"கம்பெனி வாங்கிக்கும்" என்றார் அகதா டீச்சர். "விலையைச் சொல்லுங்க அக்கா."

குமுதா விரல் விட்டு எண்ணினாள். "தயிருக்கு ஒரு விலை. என் கூலி தனி. போன தடவை குடுத்ததுக்கு வர மாட்டேன். இது அவசர வேலை."

நித்தியா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி, கம்பெனி நஷ்டத்துல இருக்குலா. வித்த பிறகு குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஆனா குடுக்கணும்."

"குடுப்போம்மா" என்றாள் அன்பரசி. அம்மாவின் கையிலிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டாள். "மிளகாயை நான் இடிக்கிறேன். நீங்க அளவு மட்டும் சொல்லுங்க."

இடித்த இடியில் உரல் ஆடியது. அவள் எதை நினைத்து இடித்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் தீமிதிக்குக் கூட்டம் பிதுங்கியது. தனபாலனின் அண்டா மத்தியானமே காலி. பூக்குழியின் அனலில் நின்றவர்கள் திரும்பிய இடத்தில் அந்த ஒரு மேசைதான் இருந்தது. முதல் போத்தலை வாங்கியவள் காளியம்மா. காசைக் கொடுத்துவிட்டு, லேபிளைப் பார்த்து, "பேரு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி ஆள் பூக்குழி இறங்குவதற்குள் பெட்டிகள் காலியாகிவிட்டன.

கூட்டம் கலைந்து, கூடாரக்காரர்கள் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். தனபாலன் தனியாகப் பேனரின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். செயலவை ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. மேசையை மடக்கிக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த அன்பரசி, அம்மா அங்கே நடந்து போவதைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்னீங்களே" என்றாள் குமுதா.

"போகத்தான் போறேன்."

"போங்க. நானும் லீவு போட்டுட்டு வர்றேன். பேரை எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க. எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்றேன். ரெண்டு பேரு பிள்ளைதான அவ."

தனபாலன் பேனரைச் சுருட்டினான். கை கூப்பிய படத்தில் பாதி உள்ளே போயிருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் தஞ்சோங் காராங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பிள்ளைங்களுக்கு ஓர் எடம் கெடைச்சிருக்கு. மோர் நான் செய்றேன். மேசை தூக்க, பெட்டி எறக்க ஓர் ஆள் வேணும். கூலி உண்டு."

அவன் நிமிர்ந்தான். "என்னைக் கூலிக்குக் கூப்பிடுறியா?"

"கேக்கிறேங்க. வர முடியுமா?"

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவன் பேனரின் மீதியையும் சுருட்டினான். குமுதா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளைக் கேக்கணும்."